ராசாவின் சுவருக்கு நாங்கள் அடித்த வெள்ளை

நான் ஒரு ராசாவின் கோட்டையில் வளர்ந்தவள் என்று சொன்னால் நீங்கள் எல்லாரும் சிரிப்பீர்கள். அப்போதும் சிரித்தவர்கள்தானே. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பலெர்மோவின் சீசாப் பகுதி மாடிவீடுகளிலிருந்து பவுடர் பூசி வந்த நீங்கள், "இவவின்ரை கோட்டையிலை கோழி மேயுதாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். சரி, கோழி மேய்ந்தது உண்மை. கோட்டையும் உண்மை. இப்போது எங்கள் எல்லாருக்கும் மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கக் கண்ணாடி தேடும் வயது வந்துவிட்டது. இனியாவது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

போன மாதம் இத்தாலிக்கு, பலெர்மோவுக்குப் போனபோது மாரேதோல்ச்சே என்ற அந்தக் கோட்டைக்கும் போனேன். இப்போது அங்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறார்கள். நல்ல வடிவான ஒரு பெண்பிள்ளை அமீரைப் பற்றிச் சொன்னாள், நோர்மன் ராசாவைப் பற்றிச் சொன்னாள், வற்றிப்போன ஏரியைப் பற்றிச் சொன்னாள். முற்றத்து வளைவின் உட்பக்கம், உயரத்தில், ஒரு கை அகலத்துக்கு நீலம் கலந்த வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் அது என்ன என்று கேட்டார். "பழைய காலத்துப் பூச்சின் மிச்சமாக இருக்கலாம்" என்றாள் அந்தப் பிள்ளை. நான் வாயே திறக்கவில்லை. அது என் அப்பா அடித்தது.

தொண்ணூறுகளில் அந்த இடம் இப்படி இல்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் ஸ்டேஷனுக்கு முன்னால் பஸ் ஏறி, பிரங்காச்சோ என்ற இடத்தில் இறங்கி, சந்து சந்தாக நடந்து போனால் ஒரு பெரிய கல்வளைவு வரும். அதற்குள் ஒருவர் ஸ்கூட்டர் திருத்திக்கொண்டிருப்பார். அவருடைய எண்ணெய்த் தகரங்களைத் தாண்டினால் முற்றம். முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் கோட்டையைப் பங்கு போட்டு வைத்திருந்தன. ஒருவரிடமும் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. ராசாவிடமே உறுதி இருந்ததோ தெரியாது. கிழக்குப் பக்கம் இடிந்து கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. அதன் நடுவே ஒரு அத்திமரம் சுவரைப் பிளந்துகொண்டு நின்றது. மூலையில் இருந்த இரண்டு அறைகளில் நாங்கள் நாலு பேர் இருந்தோம்: அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, நான்.

அறைகளை எங்களுக்கு வாடகைக்கு விட்டவ கோழி வளர்க்கிற ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிய அம்மா. அவ அங்கேயே பிறந்தவ. கோழி உரிக்கும்போது வாளிக்குப் பக்கத்தில் என்னை இருத்திவைத்து, இறகைப் பிடுங்கிக்கொண்டே கோட்டையின் கதை சொல்லுவா. முதலில் அரபு அமீர் ஒருவரின் மாளிகையாம். பிறகு கடல் கடந்து வந்த நோர்மன் ராசா அதைப் பிடித்துப் பெருப்பித்துக் கட்டினாராம். மலையடி ஊற்றைத் திருப்பி, மூன்று பக்கமும் தண்ணீர் நிற்கப் பெரிய ஏரி வெட்டினாராம். நடுவில் ஒரு தீவு. தீவில் பழமரங்கள். ராசா யன்னலில் இருந்தபடியே தூண்டில் போடுவாராம். ராசா போனபின் சிலுவை வீரர்கள் வந்தார்கள், ஆஸ்பத்திரி என்று வருத்தக்காரர் வந்தார்கள், கமக்காரர் வந்தார்கள். ஊற்று வற்றியது. ஏரி சேறாகிப் பின் தோட்டமாகியது.

"ராசா போயிட்டார், தண்ணியும் போயிட்டுது. கடைசியிலை கோழியும் நானும்தான்" என்று சொல்லி முடித்து, உரித்த கோழியை வாளிக்குள் போடுவா.

எங்கள் குசினி யன்னலைத் திறந்தால் ஏரி தெரியாது, மண்டரின் தோடை மரங்கள்தான் தெரியும். மார்கழி தையில் அந்த வாசம் அறைக்குள் வந்து, அம்மா வறுக்கும் மிளகாய்த்தூள் வாசத்தோடு சண்டை பிடிக்கும். இன்றைக்கும் கடையில் யாராவது மண்டரின் உரித்தால் எனக்குத் தும்மல் வருகிறது. அந்த யன்னலின் சுவர் அவ்வளவு தடிப்பு. அந்தக் குழிக்குள் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதை மேசையாக்கி நான் பாடம் படிப்பேன். அந்தப் பெட்டி எங்கே போயிற்றோ, தெரியவில்லை.

சித்தப்பா மாடிப்படி கழுவுகிற வேலை செய்தார். வெளியாட்களோடு ஒரு சொல் பேச அவருக்கு நாக்கு எழும்பாது. என்னோடு மட்டும் அளப்பார். ராசாவின் மீன்கள் இன்னும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்குதுகள், மழை நல்லாகப் பெய்தால் எழும்பி வருங்கள் என்பார். நான் ஒவ்வொரு மழைக்கும் குடையோடு மண்டரின் தோட்டத்துக்குள் நின்றிருக்கிறேன். மடச்சி.

அவருக்குக் கலியாணம் பேச வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றா. பெண் வீட்டுக்கு அனுப்பப் படம் எடுத்தார்கள். அவர் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவின் செத்துப்போன கணவரின் கோட்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, பெரிய வளைவுக்கு முன்னால் சித்தப்பா நின்றார். கோட்டின் கைகள் நீளமாக இருந்தபடியால் கையைப் பின்னால் கட்டச் சொன்னார்கள். அப்பா படம் எடுக்க, அம்மா தும்புத்தடியோடு கோழிகளைக் கலைத்தா. படம் எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்! எண்ணெய்த் தகரம் இல்லை, இடிந்த பக்கம் இல்லை, அத்திமரம் இல்லை. ராசகுமாரன் மாதிரி ஒரு மனுசன்.

படம் கொழும்பிலிருந்த பெரியம்மாவுக்குப் போனது. பெரியம்மா லேசுப்பட்ட ஆளா? "மாப்பிளை ராசாவின்ரை கோட்டையிலை இருக்கிறார்" என்று பெண் வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறா. அதில் ஒரு பொய்யும் இல்லை, பாருங்கள். பெண் யாழ்ப்பாணம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியாகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் தமையனோடு இருந்தா. ஸ்டேஷனுக்குப் பக்கத்து ரெலிபோன் கடையில் நாங்கள் எல்லாரும் ஒரு பெட்டிக்குள் நெருக்கியடித்து நிற்க, அம்மா அவவோடு கதைத்தா. அந்தப் பெண் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அக்கா, சுவர் எவ்வளவு தடிப்பு?"

அம்மா அதைத் திருப்பிச் சொன்னதும் எல்லாரும் சிரித்தோம். சித்தப்பா மட்டும் சிரிக்காமல் றிசீவரை வாங்கி, முதல்முதலாக அவவோடு பேசினார். "யன்னலுக்குள்ளை நான் நீட்டி நிமிர்ந்து படுத்தா, காலும் வெளியிலை தெரியாது."  அந்தப் பக்கத்திலிருந்து அவ "சரி" என்றாவாம். அந்தச் சரியைக் கேட்டபின் சித்தப்பா பஸ்ஸில் நிறுத்தம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டார்.

பெண்ணை வேலைக்கு என்று அழைக்க ஒரு சிஞ்ஞோரா கிடைத்தா. வந்து அவவின் வீட்டிலேயே தங்கி வேலை செய்வது, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கையில் வந்ததும் கலியாணம் என்று பேச்சு. கார்த்திகையில் வருகிறா என்று தெரிந்ததும் அம்மாவுக்கு உரு வந்துவிட்டது.

"கலியாண வீடெண்டா வெள்ளையடிக்க வேண்டாமே? உந்தக் கரிச்சுவரைப் பாத்தா அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?"

உங்கள் வீடுகளிலும் இப்படித்தானே. கலியாணம் என்றால் முதல் வேலை சுவருக்கு வெள்ளை. அது வாடகைச் சுவரா, ராசாவின் சுவரா என்று யார் பார்த்தது? அப்பா இரும்புக்கடையில் சுண்ணாம்பு வாங்கி வந்தார். ஊரில் செய்வதுபோல வெள்ளை பளிச்சென்று வர, உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்துவிட்டார்.

"அண்ணை, பசை போடாட்டி நிக்காது" என்றார் சித்தப்பா.

"எனக்குப் படிப்பிக்காதை. உதுக்கு ஏன் பசை?" என்றார் அப்பா.

வாசல் பக்கத்து முற்றச் சுவரில், ஸ்கூட்டர்காரர் இறக்கியிருந்த தகரக் கூரையின் கீழே, ஏணி எட்டுகிற மட்டும் அடித்தார்கள். வளைவின் உட்பக்கமும் அடித்தார்கள். மிச்சக் கோட்டை முழுவதும் தேன் நிறத்தில் நிற்க, நடுவில் எங்கள் வாசல் மட்டும் நீலவெள்ளையாக மினுங்கியது. கோழிச் சிஞ்ஞோரா வந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டா. "யார் செத்தது?" என்று கேட்டா. அம்மாவுக்கு அது விளங்காததால், சிரித்து ஒரு வடை கொடுத்தா.

அந்தப் பெண் வந்த நாள் வெயில். ரோமிலிருந்து ரயிலில் வந்தா. ஒரு பை, ஒரு சால்வை, ஒட்டிப்போன கன்னம். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது சித்தப்பா பையைத் தூக்கிக்கொண்டு பத்தடி முன்னால் போனார். கூச்சம் பிடித்த மனுசன். வாசலில் அம்மா நிறைகுடம் வைத்திருந்தா. மாவிலைக்கு எங்கே போவது? தோட்டத்து நெஸ்போலி மரத்தின் இலை மாவிலை மாதிரியே நீளமாக இருக்கும். அதைச் சுற்றித் தேங்காய் வைத்து, குத்துவிளக்குக் கொளுத்தி, சீலை கட்டிக்கொண்டு அம்மா நின்றா.

அவ நிறைகுடத்தைப் பார்க்கவில்லை. வெள்ளையையும் பார்க்கவில்லை. கிழக்குப் பக்கம் விழுந்து கிடந்த கல்லையும் அத்திமரத்தையும் பார்த்தபடியே நின்றா.

"இது இடிஞ்ச வீடு" என்றா.

"இல்லைப் பிள்ளை, அது அந்தப் பக்கம். எங்கடை பக்கம் நல்லா இருக்கு. உள்ளை வாங்கோ" என்றா அம்மா.

"இடிஞ்ச வீட்டிலை இருந்து இடிஞ்ச வீட்டுக்கே வந்திருக்கிறன்."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னா. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் நிலைமையைச் சரிசெய்கிறேன் என்று நினைத்து, "வாங்கோ சித்தி" என்று கையைப் பிடித்தேன். அவ என் கையை விடவில்லை. ஆனால் குனிந்து, மெதுவாகச் சொன்னா. "இப்ப அக்கா எண்டு கூப்பிடு. சித்தி எண்டதைப் பிறகு பாப்பம்."

சித்தப்பா அதைக் கேட்டார். பையை நிலத்தில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் தேத்தண்ணி போடப் போனார். அன்றைக்கே அக்கா தன் சிஞ்ஞோரா வீட்டுக்குப் போய்விட்டா. பெர்மெஸ்ஸோ வரட்டும், அதுவரை யோசிக்க விடுங்கோ என்று அம்மாவிடம் கேட்டாவாம். சித்தப்பா, "ஓம், அவ யோசிக்கட்டும். ஒருத்தரும் நெருக்க வேண்டாம்" என்றார். அந்த வீட்டில் அவர் அடித்துப் பேசியதை நான் அன்றுதான் முதலில் கேட்டேன்.

வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. உங்கள் அம்மாமாரும் அந்தப் பின்னேரங்களில்தானே வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்கப் போனவை. அக்கா அந்த இரண்டு நாளும் எங்களிடம் வருவா. சாப்பிடுவா, என் தலையை இழுத்துப் பின்னிவிடுவா, கதைப்பா. ஆனால் முற்றத்தில், வெட்டவெளியில்தான் கதிரை போட்டு இருப்பா. வளைவின் கீழே இருக்கமாட்டா. குளிரடித்தாலும் அங்கேதான்.

"பவுசு. கோட்டை எண்டு சொல்லிப்போட்டம் எண்டு எங்களிலை மனக்கறள்" என்று அம்மா குசினிக்குள் முணுமுணுப்பா.

அம்மா கெட்டவ இல்லை. அம்மா ஊரை விட்டு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அவவுக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்தில் வீடுகளுக்குக் கூரை இருந்தது. செய்தியில் கேட்ட குண்டுக்கும் தலைக்கு மேலே விழுந்த குண்டுக்கும் உள்ள தூரம் அவவுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது, ஒரு வியாழக்கிழமை வரைக்கும்.

அன்று சரியான மழை. அக்காவை வற்புறுத்தி உள்ளே கூப்பிட்டிருந்தோம். மேசையில் நான் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலே எங்கேயோ ஈரத்தில் ஒரு கல் கழன்று, வாசல் தகரக் கூரையில் விழுந்தது. டமார் என்று ஒரு சத்தம். சாப்பாட்டுக் கோப்பை எங்கே போனது என்று தெரியவில்லை. நான் மேசைக்குக் கீழே கிடந்தேன், அக்கா எனக்கு மேலே கிடந்தா.

"காதைப் பொத்து. வாயைத் திற. வாயைத் திறவடி!"

அவவின் இதயம் என் முதுகில் இடித்தது. வெளியே கோழிச் சிஞ்ஞோரா கல்லைத் திட்டும் சத்தம் கேட்டபிறகும் அவ எழும்பவில்லை. வாயை ஏன் திறக்க வேண்டும் என்று கேட்டேன். சத்தத்தில் காதுச் சவ்வு கிழியாமல் இருக்க என்றா. யாழ்ப்பாணத்தில் தங்கள் வீட்டுச் சுவர் மெல்லிசு, ஒரு கல் தடிப்புத்தான், அதுதான் விழுந்தது என்றா. தன் அம்மா குசினிக்குள் நின்றவ என்றா. அவ்வளவுதான் சொன்னா. 

அம்மா ஓடிவந்து, நிலத்தில் கிடந்த குழம்பைப் பார்த்து, "கதிரையிலை இருக்கமாட்டா, மேசைக்குக் கீழை இருப்பாவாமோ" என்றா. எனக்கு அம்மாவில் அப்படிக் கோபம் வந்தது. சித்தப்பா வாசலில் நின்றார். அவர் துணி எடுத்துக் குழம்பைத் துடைத்தார். அந்த ரெலிபோன் கேள்வி அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவருக்கு அது முதலிலேயே விளங்கியிருக்க வேண்டும்.

அடுத்த வியாழன் அக்கா வந்தபோது தகரக் கூரை முழுக்கப் பழைய ஸ்கூட்டர் ரயர்கள் கிடந்தன. சித்தப்பா ஸ்கூட்டர்காரரிடம் கேட்டு வாங்கி, ஒன்றோடு ஒன்று கயிற்றால் கட்டிப் பரப்பியிருந்தார். இனிக் கல் விழுந்தாலும் பொத்தென்றுதான் கேட்கும். பார்க்கச் சகிக்காது. அக்கா நிமிர்ந்து கனநேரம் பார்த்தா.

"உது ஆர் போட்டது?" என்று என்னிடம் கேட்டா.

"சித்தப்பா."

அன்றைக்கு அவ கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வளைவின் விளிம்பில் போட்டா. பாதி உள்ளே, பாதி வெளியே. அம்மா ஏதோ சொல்ல வாயெடுக்க, நான் அம்மாவின் சீலையைப் பிடித்து இழுத்தேன்.

மாசியில் ஒரு ஞாயிறு, றப்பர் சப்பாத்தும் மஞ்சள் தொப்பியுமாக ஒரு ஆர்கிதெத்தா, கட்டடக் கலைஞர், வந்தா. பழைய கட்டடங்களைப் பார்க்கிற கந்தோரில் வேலையாம். கோட்டையை அரசாங்கம் எடுக்கப் போகிறது என்று கொஞ்சக் காலமாகவே ஒரு கதை அடிபட்டது. அளக்கும் நாடாவோடு ஒவ்வொரு மூலையாக வந்தவ, எங்கள் வாசலுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டா.

"மதோன்னா மியா!" என்று கத்தினா. "யார் செய்தது?"

 அப்பா எனக்குக் காதுக்குள் சொன்னார். "ஊத்தையா இருந்தது எண்டு சொல்லு பிள்ளை. எங்களுக்கு முதலே இருந்தது எண்டு சொல்லு. பெர்மெஸ்ஸோவைப் பறிச்சுப் போடுவினம்." இரண்டையும் ஒன்றாக எப்படிச் சொல்வது? நான் முழித்தேன். அதற்குள் சித்தப்பா முன்னால் போய், தனக்குத் தெரிந்த நாலு இத்தாலியச் சொல்லில், "நான். நான் அடிச்சது" என்றார்.

"ஏன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எங்களுக்குக் கலியாணம் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், அதுதான் மரியாதை என்றேன். ஆர்கிதெத்தா தொப்பியைக் கழற்றினா.

"யாருக்குக் கலியாணம்?"

 கோழிகள் மட்டும் பேசின. சித்தப்பா நிலத்தைப் பார்த்தார். அம்மா அக்காவைப் பார்த்தா. அக்கா எழும்பிச் சுவரிடம் போய், விரலால் வெள்ளையைத் தேய்த்துப் பார்த்தா. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"இது கழுவுப்படும். எப்பிடிக் கழுவுறது எண்டு கேள் பிள்ளை. நாங்கள் கழுவி விடுறம்."

அந்த "நாங்கள்" என்ற சொல்லைச் சித்தப்பா எப்படிக் கேட்டாரோ தெரியாது. நிமிர்ந்துவிட்டார்.

நல்ல காலம், அப்பா பசை போடவில்லை. ஆர்கிதெத்தா தண்ணீரும் மெல்லிய தூரிகையும்தான் என்று சொல்லி, உரஞ்சும் விதத்தையும் தானே காட்டினா. கத்தி கூடாது, அவசரம் கூடாது, சந்தேகம் வந்தால் கையை எடுக்க வேண்டும். பிறகு வியாழன்தோறும், ஞாயிறுதோறும் அவர்கள் இரண்டு பேரும் ராசாவின் சுவரைக் கழுவினார்கள். சித்தப்பா ஏணியில், அக்கா கீழே, நான் வாளி. வெள்ளை பால்போல வடிந்து போக, அடியிலிருந்து தேன் நிறக் கல்லும், ஓரத்தில் மெல்லிய சிவப்பில் ஒரு காரைப் பூச்சும் வந்தன. ஏரிப் பக்கம் முழுக்க இந்தக் காரைதான் பூசியது, தண்ணீர் ஊறாமல் இருக்க என்றா ஆர்கிதெத்தா. அக்கா அதில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் நின்றா.

"இது எத்தினை தரம் இடிஞ்சது எண்டு கேள்."

கேட்டேன். ஆர்கிதெத்தா சிரித்தா. அதற்குக் கணக்கே இல்லை என்றா. கீழே இருக்கிறது அமீரின் கல், அதற்கு மேலே ராசாவின் கல், அந்தச் செங்கல் யாரோ கமக்காரன் முட்டுக் கொடுத்தது, இருந்தவன் ஒவ்வொருவனும் தன்னால் ஆனதை வைத்து நிமிர்த்தினான் என்று சுவரில் விரல் வைத்துக் காட்டினா. நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா தலையாட்டிக் கேட்டா. அதற்குப் பிறகு இடிந்த பக்கத்தைப் பார்க்கும்போது அவவின் முகம் முன்பு போல இறுகவில்லை.

அவர்கள் பேசியதில் பாதி எனக்குக் கேட்டது. கேட்காததுபோல வாளியை அலசிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"படத்திலை ஏன் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிண்டனீங்கள்?"

"கோட்டு இரவல். கை நீளம்."

அக்கா சிரித்தா. வந்த நாளிலிருந்து அவ சத்தம் போட்டுச் சிரித்தது அன்றுதான். சித்தப்பா ஏணியில் நின்று தானும் சிரிக்க, தண்ணீர் என் தலையில் ஊற்றியது. வளைவின் உச்சியில் ஒரு கை அகலம் அவருக்கு எட்டவில்லை. நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டார்.

வைகாசியில் அறிவித்தல் வந்தது. கோட்டையில் இருக்கிற எல்லாரும் கோடை முடிய முதல் எழும்பி வெளியேற வேண்டும். கோழிச் சிஞ்ஞோரா முற்றத்தில் குந்தியிருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதா. அப்பா சீசாவில் வாடகை வீடு தேடத் தொடங்கினார். அதே கிழமை அக்காவின் பெர்மெஸ்ஸோவும் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்ற தவணை அதோடு முடிந்தது.

"ஒருத்தரும் வாய் திறக்கப்படாது" என்றா அம்மா. "கோட்டையைக் காட்டித்தான் கூப்பிட்டனாங்கள். அதுவும் இல்லையெண்டா அந்தப் பிள்ளை எதைப் பிடிச்சு ஓம் எண்டு சொல்லும்? முதலிலை கலியாண எழுத்து முடியட்டும், பிறகு சொல்லுவம்."

"உன்ரை அண்ணி சொல்லுறது சரி" என்றார் அப்பா சித்தப்பாவைப் பார்த்து.

"இல்லை அண்ணை. ஒரு தரம் படம் காட்டினது போதும்" என்றார் சித்தப்பா.

ஞாயிறு வந்தது. நெஸ்போலி பழுத்து மரம் முழுக்க மஞ்சள். அக்கா கழுவி முடிந்த சுவரில் முதுகைச் சாய்த்து, வளைவின் கீழே, நல்ல உள்ளேயே இருந்து, பழத்தின் தோலை உரித்துக்கொண்டிருந்தா. சித்தப்பா அவவுக்கு முன்னால் போய் நின்றார். கையைப் பின்னால் கட்டியிருந்தார், அன்றைக்குக் கோட்டு இல்லாமலே. நானும் அம்மாவும் முற்றத்துப் பக்கத்து யன்னல் குழிக்குள் நெருக்கியடித்துப் பார்த்தோம். அம்மா கந்தசுவாமியாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா.

"ஒண்டு சொல்ல வேணும். எங்களை எழும்பச் சொல்லிப் போட்டினம். சீசாவிலை வீடு பாக்கிறம். மூண்டாம் மாடி. சின்ன வீடு." பிறகு கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினார். "சுவர் இவ்வளவுதான். இனிக் கோட்டையும் இல்லை. உங்களுக்கு என்ன விருப்பமோ, அதைச் சொல்லுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

அக்கா உரித்த பழத்தை அப்படியே கையில் வைத்திருந்தா.

"நாங்கள் எழும்பின பிறகு இதை என்ன செய்யப் போகினம்? இடிக்கப் போகினமோ?"

"இல்லை. கட்டப் போகினம். விழுந்த பக்கத்தையும் நிமித்தப் போகினமாம்."

அவ திரும்பி அந்த அத்திமரத்தைப் பார்த்தா.  அவவின் தோள் குலுங்கியது. அழுகிறா என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தா. கண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தினை வீட்டிலை இருந்து எழும்பி ஓடினனாங்கள் எண்டு எனக்கே ஞாபகம் இல்லை. ஒவ்வொரு தரமும் நாங்கள் வெளிக்கிட, பின்னாலை வீடு விழும். ஒரு வீட்டைக் கட்டுறதுக்கெண்டு ஆக்களை எழும்பச் சொல்லுறதை நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்."

 சித்தப்பா அப்படியே அவவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். அவ உரித்த பழத்தை அவரிடம் நீட்டினா. அவர் கொட்டையையும் சேர்த்து விழுங்கிவிட்டு இருமத் தொடங்கினார்.

அம்மா யன்னலிலிருந்து துள்ளி இறங்கி, தேத்தண்ணி ஊற்றி, என் கையில் இரண்டு கோப்பையைத் திணித்து முதுகில் தள்ளினா. நான் போய் அவவுக்கு முன்னால் நின்றேன்.

"அக்கா, தேத்தண்ணி."

அவ கோப்பையை வாங்கவில்லை. சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, என்னை முறைத்துப் பார்த்தா.

"என்னடி அக்கா? சித்தி எண்டு சொல்லு."